கச்சேரி கேட்பவருக்கான இசைச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்நாடக இசை பிடித்துப்போய்க் கேட்கத் தொடங்கியவர்கள் திகைத்து நிற்பது பெரும்பாலும் பாட்டைக் கேட்டு அல்ல, பாட்டைப் பற்றிய பேச்சைக் கேட்டுத்தான். "அஞ்சரைக் கட்டை", "அரை இடத்து எடுப்பு", "ரெண்டு களை ஆதி" என்று ரசிகர்கள் பேசிக்கொள்வார்கள். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் காதால் கேட்கக்கூடிய, கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்றைக் குறிக்கின்றன. அதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால் மறக்காது.

எந்த வரிசையில் கற்றுக்கொள்வது?

முதலில் சுருதி, அடுத்து தாளம், அதற்கப்புறம்தான் ராகம். எல்லோரும் ராகத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ். 'ச' எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரியாதவரை மற்ற ஸ்வரங்களுக்கு இடமே கிடையாது.

"அவர் ஐந்து கட்டையில் பாடுகிறார்" என்றால் என்ன?

ஹார்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் பட்டைகளுக்குக் கட்டை என்று பெயர். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக 1 முதல் 7 வரை எண்ணுகிறோம். மேற்கத்திய இசையில் 'சி' என்று சொல்லும் ஸ்வரம் 1 கட்டை, 'டி' 2 கட்டை, 'ஜி' 5 கட்டை. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டையும் ஏழரைக் கட்டையும் கிடையாது, ஏனென்றால் அந்த இரண்டு இடங்களிலும் கறுப்புக் கட்டையே இல்லை.

பாடகர் எந்தக் கட்டையைத் தன் 'ச'வாக வைத்துக்கொள்கிறாரோ அதுவே அவர் சுருதி. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் 6 கட்டைக்குள்ளும் பாடுவார்கள். கட்டை கூடினால் பாட்டு உயர்ந்தது என்று பொருள் அல்ல; அது குரலின் அளவு, அவ்வளவுதான்.

மேடையில் இருக்கும் எல்லா வாத்தியமும் இந்த ஒரு 'ச'வுக்குக் கட்டுப்பட்டவை. வயலின் கம்பிகளை அதற்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) பாடகரின் 'ச'வோடு சேர வேண்டும். கல்லும் மரத்துண்டும் வைத்து விளிம்பைத் தட்டித் தட்டி வித்வான் செய்துகொண்டிருப்பது அதைத்தான். தட்டிச் சரிசெய்வதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதால் தாழ்ந்த சுருதிக்குத் தக்கு மிருதங்கம், உயர்ந்த சுருதிக்கு எச்சு மிருதங்கம் என்று இரண்டு வகை வைத்திருப்பார்கள். தக்கு சற்று நீளமானது. கடம் சுட்ட மண், அதன் சுருதி சூளையிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் கட வித்வான்கள் வெவ்வேறு சுருதிக்கு வெவ்வேறு கடம் வைத்திருக்கிறார்கள்.

தம்பூராவில் என்ன ஒலிக்கிறது?

நான்கு தந்திகள். மீட்டும் வரிசையில் முதலாவது மந்தர 'ப' (மந்தரம் என்றால் கீழ் ஸ்தாயி; ஸ்தாயி என்பது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரையுள்ள எல்லை), அடுத்த இரண்டும் மத்திய 'ச', கடைசி மந்தர 'ச'. தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சிறு நூலைச் செருகுவார்கள். அதற்கு ஜீவாளி என்று பெயர். நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தும்போது, மொட்டையாக ஒலித்த தந்தி திடீரென்று ரீங்காரம் இடும். பெட்டியோ செயலியோ தம்பூராவாக வந்துவிட்ட இந்தக் காலத்திலும் நிஜத் தம்பூராவுக்குப் பக்கத்தில் ஒரு முறையாவது உட்கார்ந்து அந்த மாற்றத்தைக் கேட்க வேண்டும்.

புன்னாகவராளி, நவரோஜ் போன்ற சில ராகங்கள் மேல் ஸ்தாயிக்கு முழுதாகப் போவதில்லை. அவற்றுக்கு மத்யம சுருதி வைத்துக்கொள்வார்கள். அதாவது வழக்கமான 'ம'வையே 'ச'வாக எண்ணிப் பாடுவது.

அபஸ்வரமும் அன்னிய ஸ்வரமும் ஒன்றுதானே?

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நல்ல பாடகர்மேல் வீண்பழி விழுகிறது.

அபஸ்வரம் என்பது சுருதி சேராத ஒலி. தொட வேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழேயோ மேலேயோ குரல் நின்றுவிடுவது. இது பிழைதான். அன்னிய ஸ்வரம் என்பது ராகத்தின் தாய் மேளத்தில், அதாவது அது பிறந்த மூல ராகத்தில், இல்லாத ஸ்வரம். அது பல ராகங்களுக்கு உரிமையுள்ள விருந்தாளி. காம்போதிக்கு உரியது கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி'), ஆனால் 'ச நி ப த ச' என்ற பிடியில் (ஸ்வரத் தொடரில்) மட்டும் காகலி நிஷாதம் (உயர்ந்த 'நி') வரும். பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம் ('த'), இறங்கும்போது இன்னொரு தைவதம். இப்படிப்பட்ட ராகங்களுக்குப் பாஷாங்க ராகங்கள் என்று பெயர். அந்த அன்னிய ஸ்வரத்தை எடுத்துவிட்டால் ராகத்தின் முகமே மாறிவிடும்.

72 மேளகர்த்தா என்ற கணக்கு எப்படி வந்தது?

ஏழு ஸ்வரங்களில் 'ச'வும் 'ப'வும் அசையாதவை. 'ம' இரண்டு வகை: சுத்த மத்யமம், பிரதி மத்யமம். 'ரி', 'க', 'த', 'நி' ஒவ்வொன்றும் மூன்று வகை. ஆக 16 பெயர்கள், ஆனால் அவற்றில் நான்கு இன்னொன்றின் இடத்திலேயே விழுவதால் ஸ்தானங்கள் 12தான். 'ரி'யையும் 'க'வையும் முறையாகச் சேர்த்தால் 6 ஜோடி, 'த'வையும் 'நி'யையும் சேர்த்தால் 6 ஜோடி. 6 × 6 = 36. சுத்த மத்யமத்தோடு 36, பிரதி மத்யமத்தோடு 36, மொத்தம் 72. இந்தத் திட்டத்தை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி தந்தார்.

ராகத்தின் பெயரிலேயே அதன் எண்ணை ஒளித்துவைக்கும் முறைக்குக் கடபயாதி என்று பெயர். முதல் இரண்டு எழுத்தின் எண்ணைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. கல்யாணிக்கு முன்னால் 'மேச' என்றும் சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' என்றும் சேர்த்தது 65, 29 என்ற எண் வருவதற்காகத்தான்.

தமிழில் எழுதிவைத்துக்கொண்டு இதைக் கணக்கிடுகிறவர்கள் அடிக்கடி தப்பான எண்ணில் போய் நிற்பார்கள். நம் 'க' ஒன்றுதான், ஆனால் கடபயாதியில் நான்கு ககரங்களுக்கு 1, 2, 3, 4 என்று தனித்தனி எண். 22ஆவது மேளமான கரஹரப்ரியாவின் முதல் எழுத்து இரண்டாவது ககரம். அதை 1 என்று எடுத்தால் 21 வந்துவிடும். 'தீர'வின் 'தீ'யும் அப்படித்தான், அது நான்காவது தகரம், எண் 9.

ராகம் என்பது மெட்டுதானே?

மெட்டு ஒரு பாட்டுக்கு மட்டும் உரியது. ராகம் ஆயிரம் மெட்டுகளுக்கு இடம் தருவது. ஆரோகண அவரோகணத்தை (ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசையை) மட்டும் வைத்தும் ராகத்தைச் சொல்லிவிட முடியாது. எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதை அசைக்க வேண்டும், எந்தப் பிடி அந்த ராகத்துக்கே உரியது என்பவையெல்லாம் சேர்ந்ததுதான் ராகம். ஸ்வரத்துக்குத் தரும் அந்த அசைவுக்குக் கமகம் என்று பெயர்.

தோடியின் 'க'வைக் கேளுங்கள். ஏட்டில் அது 'சாதாரண காந்தாரம்' என்ற வகை. பாடும்போது 'க'வின் இடத்தில் குரல் நிற்பதே இல்லை. கீழே 'ரி'யின் பக்கம் போய், மேலே 'ம'வைத் தொட்டு, திரும்பவும் இறங்கி ஊசலாடிக்கொண்டே இருக்கும். அந்த ஊசலுக்குத்தான் 'க' என்று பெயர். கீபோர்டில் சரியான கட்டையையே அழுத்தினாலும் தோடி வராமல் போவதற்குக் காரணம் இதுதான். இதே சாதாரண காந்தாரம் கரஹரப்ரியாவிலும் உண்டு, ஆனால் அதன் அசைவு வேறு, காதில் விழும் உணர்வும் வேறு.

ராகத்தை எப்படி அடையாளம் காண்பது?

பத்து ராகம் போதும். மோகனம், ஹிந்தோளம், சங்கராபரணம், கல்யாணி, தோடி, கரஹரப்ரியா, காம்போதி, பைரவி, மாயாமாளவகௌளை, ஷண்முகப்ரியா. ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஆலாபனையாகவே, அதாவது சொல்லும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பதாகவே, கேளுங்கள். பாட்டாகக் கேட்டால் மெட்டுதான் மனதில் தங்கும்.

கச்சேரியில் முதலில் 'ச'வையும் 'ப'வையும் தம்பூராவிலிருந்து பிடித்துக்கொண்டு, அப்புறம் 'ம'வைக் கவனியுங்கள். சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் ஸ்வரக் கணக்கில் 'ம' ஒன்றுதான் வேறுபாடு. 'ப'வை ஒட்டி அண்ணாந்து நிற்கும் 'ம' என்றால் கல்யாணி. 'ப'வே வராவிட்டால் ஹிந்தோளமா என்று பாருங்கள், அதில் 'ரி'யும் கிடையாது. மோகனத்தில் 'ம'வும் 'நி'யும் இல்லை.

ஆதி தாளத்தைக் கையில் எப்படிப் போடுவது?

எட்டு எண்ணிக்கை. உள்ளங்கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். இந்த நான்கும் சேர்ந்தது லகு. அடுத்து தட்டு, வீச்சு. மறுபடியும் தட்டு, வீச்சு. தட்டும் வீச்சும் சேர்ந்தது ஒரு திருதம். வீச்சு என்றால் கையைத் திருப்பி உள்ளங்கை மேலே பார்க்க வைப்பது. ஆக 4 + 2 + 2. ஒரு சுற்று முடிந்தால் ஓர் ஆவர்த்தனம்.

விரல் எண்ணுவதை ஆள்காட்டி விரலில் தொடங்குவது சாதாரணமாக நடக்கும் தவறு. சுண்டுவிரலில்தான் தொடங்க வேண்டும். பாட்டு விறுவிறுப்பாகும்போது கையும் வேகமாக ஓடுவது இன்னொன்று. மிருதங்கம் நான்கு மடங்கு வேகத்தில் பாய்ந்தாலும் கை தன் பழைய வேகத்திலேயே மாறாமல் போக வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்காமல் போடுங்கள்.

ரூபகத்தை நடைமுறையில் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றாகப் போடுகிறார்கள். மிஸ்ர சாப்பு 7 (தகிட தகதிமி), கண்ட சாப்பு 5 (தக தகிட). இந்த நான்கையும் தெரிந்துகொண்டால் பெரும்பாலான கச்சேரிகளுக்கு அதுவே போதும்.

தாளம் சரியாகப் போட்டும் பாட்டு தள்ளித் தொடங்குகிறதே?

அது எடுப்பு. தாளத்தின் முதல் தட்டு சமம். பாட்டு அங்கேயே தொடங்கினால் சம எடுப்பு. தட்டு விழுந்து அரை எண்ணிக்கை கழித்து வந்தால் அரை இடம். ஒன்றரை எண்ணிக்கை கழித்து வருவதும் உண்டு, தியாகராஜரின் கிருதிகளில் (கீர்த்தனைகளில்) அதை நிறையக் கேட்கலாம். சமத்துக்குப் பிறகு தொடங்குவது அனாகதம், சமத்துக்கு முன்னமே தொடங்கிவிடுவது அதீதம். குழம்பியதும் கையைப் பாட்டுக்குத் தக்கபடி மாற்றிவிடாதீர்கள். கை தாளத்தோடு போகட்டும். பாட்டின் முதல் சொல் ஒவ்வொரு சுற்றிலும் கையின் எந்த இடத்தில் விழுகிறது என்று கவனித்தால் இரண்டு மூன்று ஆவர்த்தனத்தில் எடுப்பு பிடிபட்டுவிடும்.

களை, காலம், நடை: மூன்றும் வேகம்தானே?

மூன்றும் வேறு. களை என்பது தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் எவ்வளவு இடம் என்பது. ஒரு களை ஆதியில் ஒவ்வொரு தட்டையும் ஒருமுறை போடுவோம். இரண்டு களையில் ஒவ்வொன்றையும் இருமுறை. அதனால் ஆவர்த்தனம் இரு மடங்கு அகலமாகிறது. காலம் என்பது பாடும் வேகம்: வர்ணம் என்ற பாடல் வகையை முதல் காலத்தில் பாடி, கையின் வேகத்தை மாற்றாமலே இரண்டாம் காலத்தில் இரட்டிப்பு வேகத்தில் பாடுவது போல. நடை என்பது ஓர் எண்ணிக்கைக்குள் எத்தனை பங்கு என்பது: திஸ்ரம் 3 (தகிட), சதுஸ்ரம் 4 (தகதிமி), கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9.

கச்சேரி எந்த வரிசையில் போகும்?

இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்புக்கு உருக்கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கும். அதில் ராகத்தின் பிடிகளெல்லாம் அடங்கியிருப்பதால் குரல் சூடுபிடிக்கும். பிறகு விறுவிறுப்பான சில கிருதிகள், நடுவே ஆலாபனையோடு ஒரு கிருதி, அப்புறம் பிரதான உருப்படி. ஆலாபனை, கிருதி, நிரவல், கல்பனா ஸ்வரம், தனி ஆவர்த்தனம் எல்லாம் அதில்தான். பிரதான இடத்தில் ராகம் தானம் பல்லவியும் (ஆலாபனை, லயத்தோடு கூடிய தானம், ஒரு வரிப் பல்லவி) வரலாம். கடைசியில் துக்கடாக்கள் என்ற சிறு உருப்படிகள்: பதம், ஜாவளி, விருத்தம், தில்லானா, திருப்புகழ், பிறகு மங்களம்.

மங்களம் பாடி முடியும்வரை எழுந்து போகாமல் இருப்பது மேடைக்கு நாம் தரும் மரியாதை.

ஆலாபனை, நிரவல், கல்பனா ஸ்வரம் இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

ஆலாபனையில் சொல்லும் தாளமும் இல்லை. 'த', 'ரி', 'ன' என்ற அசைகளால் ராகத்தை விரிப்பார்கள். நிரவலில் பாட்டின் ஒரே வரி, தாளத்துக்குள்ளேயே மீண்டும் மீண்டும் வெவ்வேறாக விரியும். வரியின் சொற்கள் தாளத்தில் தங்கள் இடத்தை விட்டு ரொம்ப விலகாமல் இருக்க வேண்டும், வரியின் பொருளும் சிதையக்கூடாது. கல்பனா ஸ்வரத்தில் 'ச ரி க ம' என்று ஸ்வரத்தின் பெயரையே பாடி, ஒவ்வொரு சுற்றும் அந்த வரியின் எடுப்பில் வந்து விழும். மூன்றுமே மனோதர்மம், அதாவது மேடையில் அப்போதே பிறப்பவை. சங்கதி இவற்றில் சேராது. கிருதியின் ஒரு வரியைப் படிப்படியாக மாற்றிப் பாடும் அந்த வடிவங்கள் பாடாந்தரமாக, குருவிடம் கற்றபடியே வருபவை.

தனி ஆவர்த்தனத்தில் எதைக் கேட்பது?

தனி, அதாவது தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி, தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போகிறவர்கள் கச்சேரியின் மிகச் சிறந்த கால்மணி நேரத்தை இழக்கிறார்கள். மிருதங்கம் முதலில் வாசிக்கும், பிறகு கடமோ கஞ்சிராவோ. அப்புறம் மாறிமாறி வாசித்து, ஒவ்வொரு முறையும் அளவைக் குறைத்துக்கொண்டே வருவது குறைப்பு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து மோரா என்ற முடிப்பு, அதன்பின் கோர்வை என்ற நிறைவுச் சொற்கட்டு. கோர்வை மூன்று முறை வந்து, பாட்டின் எடுப்பில் சரியாக இறங்கும்.

இந்த மூன்று முறைக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு களை ஆதியில் எண்ணிக்கைக்கு 4 அட்சரம் (சிறு பங்கு), மொத்தம் 32. 'தகதிமி தகஜுணு' 8 அட்சரம், பிறகு 4 அட்சரம் மௌனம். மறுபடியும் 8, மௌனம் 4, மூன்றாவது 8. கூட்டினால் 8 + 4 + 8 + 4 + 8 = 32. கையில் போட்டால், முதலாவது தட்டிலும் சுண்டுவிரலிலும் அடங்கும், மோதிரவிரல் மௌனம். இரண்டாவது நடுவிரலில் தொடங்கி அடுத்த தட்டில் முடியும், முதல் வீச்சு மௌனம். மூன்றாவது கடைசித் தட்டிலும் வீச்சிலும். அடுத்து விழும் சமத்தில் 'தா' என்று சொல்லி நிறுத்துங்கள். நடுச்சொல்தொடர் விரலையும் தட்டையும் கடந்து போகிற இடத்தில்தான் பலருக்குக் கை தடுமாறும். சரியாக வந்துவிட்டால் அரங்கம் ஏன் கைதட்டுகிறது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

பல்லவி என்ற சொல் இடத்துக்கு இடம் மாறுகிறதே?

ஆமாம். கிருதியில் பல்லவி என்பது முதல் பகுதி. அடுத்து அனுபல்லவி, சரணம். சரணத்தின் பின்பாதி பல கிருதிகளில் அனுபல்லவியின் மெட்டிலேயே போகும். கடைசியில் முத்திரை, அதாவது இயற்றியவரின் அடையாளச் சொல். முத்துசுவாமி தீட்சிதருக்கு அது 'குருகுஹ'. ராகம் தானம் பல்லவியில் பல்லவி என்பது ஒரே ஒரு வரி, அதன் நடுவே அருதி என்ற நிறுத்தம். திரைப்பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வரும் தலைப்பகுதி. அனுபல்லவி பெரும்பாலும் இருக்காது, சரணங்கள் ஒரே மெட்டில் இருக்கும், இடையில் வாத்திய இசை வரும்.

பண்ணும் ராகமும் ஒன்றா? தமிழிசை தனி வகையா?

பண் தமிழின் பழைய முறை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை ஏழு ஸ்வரங்களுக்கும் தமிழ்ப் பெயர்கள், சிலப்பதிகாரத்தில் இவற்றைக் காணலாம். தேவாரம் பண்முறையில் பாடப்படுவது. இன்று ஓதுவார்கள் கௌசிகப் பண்ணைப் பைரவியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், நட்டபாடையைக் கம்பீரநாட்டையிலும் பாடுகிறார்கள். தமிழிசை என்பதற்குத் தமிழ்ப் பாடல்களை மேடைக்கு நடுவே கொண்டுவர வேண்டும் என்ற இயக்கம் என்ற பொருளும் உண்டு. ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய சீர்காழி மூவரின் கீர்த்தனைகளைத் துக்கடாவாகத் தள்ளாமல் பிரதானமாகவே பாடலாம், பாடவும் வேண்டும்.

பெரிய மேளம், நையாண்டி மேளம்: இரண்டும் நாதஸ்வரம்தானே?

இரண்டிலும் நாதஸ்வரமும் தவிலும் உண்டு, வேலை வேறு. பெரிய மேளம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. ராகம், கீர்த்தனை, பல்லவி எல்லாம் அதில் விரிவாக வாசிக்கப்படும். முன்பு சுருதிக்கு ஒத்து என்ற குழல், இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி. நையாண்டி மேளம் கரகாட்டம் போன்ற ஆட்டத்துக்கு, பம்பையும் தமுக்கும் சேர்ந்த துள்ளல் நடை. நாதஸ்வரத்திலும் திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. பாரியைப் பரவலாக்கியதில் டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பெரும் பங்கு உண்டு. வாயில் வைத்து ஊதும் பகுதி சீவாளி.

"நன்றாக இருந்தது" என்பதைத் தாண்டி என்ன சொல்லலாம்?

எது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நீண்டு நின்றாரா? அது கார்வை. மின்னலாய்ப் பொரிந்த விரைவு ஸ்வரக்கொத்தா? அது பிருகா, ஜி. என். பாலசுப்ரமணியம் பெயரோடு சேர்ந்தே நினைவுக்கு வருவது. மெதுவாக, அவசரமில்லாமல் நடந்த கிருதி என்றால் சௌக்க காலம். குருபரம்பரையின் சாயல் தெரிந்தால் பாணி. "பைரவி ஆலாபனையில் மேல் 'ச'வில் வைத்த கார்வை அருமை, ஸ்வரத்தில் அரை இடத்தை ஒருமுறை விட்டுவிட்டார்" என்று சொன்னால் பாடியவருக்கே அது உதவும்.